ஒன்பது நாளாக "முடியப் போகுது"

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சிறிய மென்பொருள் கொம்பனியில் எட்டு மாதமாக வேலை செய்கிறேன். பாடசாலைகளுக்கான மாணவர் பதிவு மென்பொருளில் ஒரு பகுதி என்னுடையது. பெற்றோர் போனில் பிள்ளையின் பெயரைத் தமிழில் பதிகிறார்கள். பாடசாலைக் கந்தோரில் அந்தப் பெயரைத் தேடினால் ஸ்ரீதரன், ஜெயஸ்ரீ மாதிரிச் சில பெயர்கள் மட்டும் வருவதில்லை. திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஏஐயிடம் கேட்டேன், நோர்மலைஸ் பண்ணச் சொன்னது (ஒரே எழுத்தை வேறுவேறு குறியீடுகளால் எழுதியிருந்தால் ஒரே வடிவமாக்குவது), செய்தும் சரிவரவில்லை. ஒன்பது நாளாகக் காலை 9.30 மீற்றிங்கில் "முடியப் போகுது" என்று சொல்லி வருகிறேன். மீற்றிங் ஆங்கிலத்தில் நடக்கும், கொழும்பிலிருந்தும் இருவர் இணைவார்கள். சீனியர் அண்ணா நல்லவர், ஆனால் எப்போதும் ஹெட்போனோடு இருப்பார். மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதுவதும் களவு மாதிரி மனதை அரிக்கிறது. வெள்ளிக்கிழமை டெமோ. அம்மா வங்கிச் சோதனைக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார். நான் இந்த வேலைக்குப் பொருத்தமில்லாதவனா? (கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகர். கடிதத்தைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.)

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முழுக் கடிதம் மூன்று பக்கம். அதில் உங்கள் குறைகளை நீங்களே எழுதியது இரண்டரைப் பக்கம், பிழையைப் பற்றி எழுதியது அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. ஆகவே முதலில் ஸ்ரீயை முடித்துவிடுவோம், வெள்ளிக்கிழமை டெமோவை வைத்துக்கொண்டு இருப்பவருக்கு வேறு எதுவும் காதில் ஏறாது.

ஸ்ரீ என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று ஸ வைத்து எழுதுவது, மற்றது ஶ வைத்து எழுதுவது. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் பொது முறைதான் யூனிகோட். இந்த ஶ அதற்குப் பிந்தி வந்த எழுத்து, 2005இல் 4.1 பதிப்பில்தான் அதைச் சேர்த்தார்கள். அதற்கு முன்னர் ஸ போட்டுத்தான் எழுதினார்கள், பிறகு சில விசைப்பலகைகள் ஶ பக்கம் போய்விட்டன, சில பழையபடியே நின்றுவிட்டன. இதோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறேன்: ஸ்ரீ, ஶ்ரீ. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. நீளத்தை எண்ணிப் பார்த்தாலும் பிடிபடாது, ஏனென்றால் இரண்டிலும் நாலு குறியீடுகள்தான். ஒவ்வொரு குறியீட்டின் யூனிகோட் எண்ணையும் தசம எண்ணாக அச்சிட்டுப் பாருங்கள், ஒன்றில் முதல் எண் 3000 என்று வரும், மற்றதில் 2998 என்று வரும். உங்கள் ஒன்பது நாளும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏஐ சொன்ன நோர்மலைசேஷன் பிழையான ஆலோசனை என்று சொல்லமாட்டேன். கோபிகா என்ற பெயரில் வரும் ஓகாரத்தை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டும் எழுதலாம், அந்த இரண்டையும் நோர்மலைசேஷன் ஒன்றாக்கிவிடும். ஆனால் ஸ, ஶ இரண்டையும் யூனிகோட் வேறுவேறு எழுத்துகளாகத்தான் வைத்திருக்கிறது, அதனால் அவற்றைத் தொடாது. அதை நீங்களே ஒரு வரியில் மாற்றவேண்டும். தரவுத்தள அட்டவணையில் பெயருக்குப் பக்கத்தில் தேடலுக்கென்று இன்னொரு கொலம் வைத்து, அதற்குள் போகும்போது நோர்மலைஸ் பண்ணி, ஶ்ரீ எல்லாவற்றையும் ஸ்ரீ ஆக்கி, கண்ணுக்குத் தெரியாத பூச்சிய அகலக் குறியீடுகள் ஒட்டியிருந்தால் அவற்றையும் நீக்கிவிடுங்கள். கந்தோரில் தட்டும் தேடற்சொல்லும் அதே வழியாகத்தான் போகவேண்டும், இதை மறந்தால் இன்னும் ஒன்பது நாள் போகும். ஏற்கனவே பதிந்துள்ள பெயர்களுக்கும் ஒருமுறை ஓடவிடுங்கள்.

உங்கள் மென்பொருள் பெற்றோருக்கு எஸ்எம்எஸ் அனுப்புமென்றால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 குறியீடு, தமிழில் 70தான். யாழ்ப்பாணம் என்ற சொல் நமக்கு ஆறு எழுத்து, கணினிக்கு 11 குறியீடு. பாடசாலைப் பெயரையும் ஊர்ப் பெயரையும் முழுதாகப் போட்டால் செய்தி இரண்டாக உடைந்து, காசும் இரண்டு மடங்காகப் போகும். இதெல்லாம் பல்கலைக்கழகப் பாடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தமிழில் மென்பொருள் செய்கிறவர்கள் அடிபட்டு அறிந்து, ஒருவருக்கொருவர் வாய்வழியாகச் சொல்லித்தான் வருகிறது. வாயைத் திறக்காதவருக்கு அது வந்து சேராது, அதுதான் எனக்கு உங்களைப் பற்றிய கவலை.

சரி, இப்போது அந்த "முடியப் போகுது."

நம் தொழிலில் இதைவிட அதிகம் சொல்லப்படும் சொல் இருக்கிறதா தெரியாது. அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ரொம் கார்கில் என்பவர் சொன்னதாக 1985இல் அச்சில் வந்த ஒரு விதி இருக்கிறது: முதல் 90 வீத நிரல் (கோட்) முதல் 90 வீத நேரத்தை எடுக்கும், மிச்சம் 10 வீத நிரல் இன்னொரு 90 வீத நேரத்தை எடுக்கும். கூட்டினால் 180 வீதம் வரும், அதுதான் அதன் பகிடி. ஆனால் ஒவ்வொரு கந்தோரிலும் நடப்பது அதேதான். நீங்கள் முதல் நாள் சொன்ன "முடியப் போகுது" உண்மையாக இருந்திருக்கும், இரண்டாம் நாளும் பாதி உண்மை. மூன்றாம் நாளிலிருந்து அது வேலையைப் பற்றிய சொல்லே இல்லை, உங்களை அடுத்த நாள் வரைக்கும் விட்டுவிடும்படி கேட்கும் சொல். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கேட்பது இன்னும் கஷ்டமாகும், ஏனென்றால் இனிக் கேட்டால் பிழையோடு சேர்த்து முந்தின நாட்களுக்கும் கணக்குச் சொல்லவேண்டும். பிழை அதே அளவில்தான் நிற்கும், கூச்சம் மட்டும் வட்டிபோட்டு வளரும்.

இந்தக் கூச்சத்தின் பெரும்பகுதி ரியூசன் கொட்டிலில் இருந்து வந்தது என்று நினைக்கிறேன். இருநூறு பேர் வாங்கில் நெருக்கி இருப்போம், முன்னால் மைக்கில் சேர், கேள்வி கேட்பதற்கு அங்கே இடமும் இல்லை நேரமும் இல்லை. விளங்காவிட்டால் வீட்டுக்குப் போய் விடிய நாலு மணிக்கு எழும்பித் தனியே இருந்து விளங்கிக்கொள்ளவேண்டும். அப்படிப் படித்துத்தான் நாங்கள் எல்லோரும் பல்கலைக்கழகம் போவதற்கான இசட் புள்ளி எடுத்தோம். அடுத்தவன் தாளை எட்டிப் பார்ப்பது களவு, பக்கத்தில் கேட்பது குற்றம். இந்த ஒழுக்கம் சோதனை மண்டபத்துக்குச் சரி. அதையே கந்தோருக்குக் கொண்டுவந்தால், ஒன்பது பேர் இருக்கும் அறைக்குள் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரே பள்ளத்தில் விழுந்து எழும்பிக்கொண்டிருப்பார்கள். மற்றவர் எழுதிய நிரலைப் பார்ப்பது களவு என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, இந்தத் தொழிலில் எழுதுவதைவிட வாசிப்பதுதான் அதிகம். விளங்காமல் வெட்டி ஒட்டினால் அது ஆபத்து, விளங்கி எடுத்தால் அதற்குப் பெயர் படிப்பு. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று மேலே ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள், மனமும் அரிக்காது, பின்னால் வருகிறவருக்கும் உதவும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2011இல் கொழும்பில் என் முதல் வேலை. ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் பழைய பதிவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். சில வருடங்களின் பதிவுகளில் மட்டும் எல்லா நேரமும் அரை மணித்தியாலம் முந்திக் காட்டியது. பதினொரு நாள் தேடினேன். சேர்வரைப் பார்த்தேன், தரவுத்தளத்தைப் பார்த்தேன், பிறவுசரைப் பார்த்தேன், யாரிடமும் கேட்கவில்லை. நானும் காலையில் உங்கள் சொல்லைத்தான் சொன்னேன், எனக்கு அது ஆங்கிலத்தில். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் சாப்பிடும்போது, கணக்குப் பகுதியில் இருந்த ஒரு வடமராட்சி அக்கா ஏன் சோற்றை அளைகிறாய் என்று கேட்டா. சொன்னேன். எந்த வருடங்கள் என்று கேட்டா. 1996 கடைசியிலிருந்து 2006 வரைக்கும் என்றேன். "அது நேரம் மாத்தி வைச்சிருந்த காலமெல்லோ பிள்ளை" என்றுவிட்டு அவ தன்பாட்டில் சாப்பிட்டா.

1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கையின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே வருடம் ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். மிச்சம் அரை மணித்தியாலத்தை 2006 ஏப்ரலில், புதுவருடம் முடிந்த கையோடுதான் எடுத்தார்கள். நானோ உலகப் பொது நேரத்தில் இருந்த எல்லாப் பதிவுகளுக்கும் ஐந்தரை மணித்தியாலத்தைக் கையால் கூட்டி எழுதியிருந்தேன். ஆசியா கொழும்பு என்ற நேர வலயத்தின் பெயரைக் கொடுத்திருந்தால் போதும், இந்த மாற்றங்கள் முழுவதும் கணினிகள் பயன்படுத்தும் நேர வலயத் தரவுத்தளத்தில் ஏற்கனவே இருக்கின்றன. ஒரு வரித் திருத்தம்.

இதில் எனக்கு இன்றைக்கும் மறக்காத விஷயம் வேறு. 1996இல் நாங்கள் இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தோம், அங்கே பழைய நேரம்தான் நடந்தது. ஊருக்குத் திரும்பி வந்தபோது இங்கே புதிய நேரம். யாராவது கலியாணத்துக்குச் சொன்னால் "பழைய நேரமோ புதிய நேரமோ" என்று அப்பா கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். விடை பதினைந்து வருடமாக என் தலைக்குள்ளேயே இருந்தது. ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லும்வரைக்கும் அது வெளியில் வரவில்லை.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள், உங்களுக்கும் நினைவிருக்கும். அப்போது நான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து வேலை செய்துகொண்டிருந்தேன். இன்வேர்ட்டர் மூன்று மணித்தியாலத்தில் கைவிட்டுவிடும், பிறகு லப்டொப்புகள் ஒவ்வொன்றாக அணையும், நாங்கள் கந்தோர் முற்றத்து மாமரத்துக்குக் கீழே கதிரைகளைப் போட்டுப் பிளேன்ரீயோடு இருப்போம். திரை இல்லாததால், எங்கே சிக்கியிருக்கிறது என்பதை வாயால்தான் சொல்லவேண்டும். ஒரு பெடியன் தன் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கி மூன்றாவது வசனத்தில் "ஐயோ, விளங்கிட்டுது" என்று எழும்பிவிட்டான், நாங்கள் யாரும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. வெளிநாட்டு நிரலாளர்கள் மேசையில் ஒரு பிளாஸ்டிக் தாராவை வைத்து அதற்குத் தங்கள் நிரலை வரிவரியாக விளங்கப்படுத்துவார்கள், பெயர்பெற்ற பழக்கம் அது. தாரா கிடைக்காவிட்டால் அம்மாவிடம் சொல்லுங்கள். காய்கறி வெட்டிக்கொண்டிருக்கும் என் அம்மா ஒருமுறை "அப்ப அந்தப் பெயரை முதலிலை ஆர் எழுதினது?" என்று கேட்டார். அதைத்தான் நான் அன்று முழுவதும் எனக்குள் கேட்டிருக்கவேண்டும்.

எப்போது கேட்பது என்றால், ஒரு மணித்தியாலம் முயன்றும் புதிதாக ஒன்றும் தெரியவராவிட்டால் கேளுங்கள். ஒரு மணித்தியாலத்தில் ஏதாவது புதிதாகத் தெரிந்தால் இன்னொரு மணித்தியாலம் போகலாம். சீனியர் அண்ணா ஹெட்போன் போட்டிருப்பது உங்களைத் தள்ளிவைக்க இல்லை, பக்கத்து வீட்டு லவுட்ஸ்பீக்கருக்காகவும் இருக்கலாம். தோளில் தட்டத் தயக்கமென்றால் எழுதி அனுப்புங்கள். "அண்ணா ஃபிரீயா?" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், அதைப் பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும். என்ன வரவேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, என்னென்ன செய்து பார்த்தீர்கள், இப்போது எதைச் சந்தேகப்படுகிறீர்கள், இந்த நாலையும் ஒரே செய்தியில் எழுதுங்கள். பிழைச் செய்தியைப் படம் பிடித்து அனுப்பாமல் எழுத்தாக அனுப்புங்கள், அப்போதுதான் அவர் அதை எடுத்துத் தேடலாம். இப்படி எழுதும்போதே பாதிக் கேள்விகள் அனுப்பத் தேவையில்லாமல் போய்விடும்.

ஆங்கிலம் பற்றி. இங்கே திறமையான பிள்ளைகள் எத்தனையோ பேர் மீற்றிங்கில் வாய் திறக்காமல் இருப்பதை நான் பார்க்கிறேன், மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. தமிழில் கேட்டால் அழகாக விளங்கப்படுத்துவார்கள், கொழும்புக்காரர் திரையில் வந்ததும் மூன்று சொல்லில் முடித்துவிடுவார்கள். "முடியப் போகுது" என்பதை ஆங்கிலத்தில் சொல்ல இரண்டு சொல் போதும், சிக்கியிருப்பதை விளங்கப்படுத்த இருபது சொல் வேண்டும், உங்கள் பொய்க்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதனால் 9.20க்கு அந்த இருபது சொல்லை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே வாசியுங்கள். யாரும் குறை நினைக்கமாட்டார்கள். என் குழுவில் ஒரு பிள்ளை ஆறு மாதம் இப்படித் துண்டு வாசித்தாள், இப்போது வாடிக்கையாளரோடு அவள்தான் கதைக்கிறாள்.

இதை வாசிக்கும் சீனியர்மாருக்கும் ஒரு வார்த்தை. "இதுகூடத் தெரியாதோ" என்று ஒருதரம் சொன்னால் அந்தப் பிள்ளை ஒரு வருடத்துக்கு வாய் திறக்காது. நான் காலையில் "முடிஞ்சுதா" என்று கேட்பதை விட்டுவிட்டேன், அதற்கு ஓம் என்றோ முடியப் போகுது என்றோதான் பதில் வரும். "எங்கை நிக்குது" என்று கேட்கிறேன். அதற்குப் பதில் சொல்ல ஒரு இடத்தைக் காட்டியே ஆகவேண்டும்.

அம்மாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சண்டை இல்லாத வருடங்களிலும் வேலை நிலைக்குமா என்று பயந்தே வாழ்ந்த தலைமுறை அது, மாதச் சம்பளமும் பென்சனும் அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியும். வங்கிச் சோதனை எழுத விருப்பமென்றால் எழுதுங்கள், ஆனால் ஒரு ஸ்ரீக்குப் பயந்து எழுதாதீர்கள். ஒன்பது நாள் ஒரே பிழையோடு மல்லுக்கட்டி, இன்னும் விடாமல், எனக்கு மூன்று பக்கம் எழுதியவருக்கு இந்த வேலை பொருந்தாது என்று என்னால் சொல்ல முடியாது. பொருந்தாதவர்கள் இரண்டாம் நாளே பிழையை வேறு யாருடைய தலையிலாவது போட்டுவிடுவார்கள்.

நாளைக்கு மீற்றிங்குக்கு முதலே அண்ணாவிடம் போங்கள். தமிழில் இப்படிச் சொல்லலாம்: "அண்ணா, நான் ஒன்பது நாளா முடியப் போகுது எண்டு சொன்னனான், அது சரியில்லை. ஸ்ரீ வாற பெயர்கள் தேடலிலை வருகுதில்லை. ரெண்டு விதமான குறியீடு இருக்கிறதுதான் காரணம் எண்டு இப்ப நினைக்கிறன். ஒருக்கா என்னோடை இருந்து பாப்பீங்களோ?" அவர் கோபப்படலாம். பட்டால் ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு நில்லுங்கள், ஒன்பது நாள் பிந்தியதற்கு அது நியாயம்தான். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் இருப்பார். டெமோவில் காட்டுவதற்கு ஸ்ரீ உள்ள நாலைந்து பெயர்களை இரண்டு விதமாகவும் பதிந்து தயாராக வைத்திருங்கள்.

திருத்தும்போது ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கவனம். தேடலுக்கான கொலத்தில் எதை வேண்டுமென்றாலும் மாற்றுங்கள், பெற்றோர் பதிந்த மூலப் பெயரில் கை வைக்காதீர்கள். பிள்ளையின் சான்றிதழில் அச்சாகப் போவது அந்தப் பெயர், அதை எப்படி எழுதுவது என்று முடிவெடுக்கும் உரிமை அந்தத் தாய் தகப்பனுக்குத்தான் இருக்கிறது.